ஐந்தை மூன்றாக்கக் கற்றுத்தந்தவருக்கு

அன்புள்ள மிக்கேல் வான் ஸ்மோரன்பர்க் அவர்களுக்கு,



சென்னையில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்களை நேரில் பார்த்ததில்லை, பேசியதில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் அதிகம் படித்த பெயர் உங்களுடையதுதான். ரெட் ஹாட் லினக்ஸில் எட்சி அடைவுக்குள் இனிட்டேப் என்றொரு கோப்பு இருக்கும். அதைத் திறந்ததும் மேலேயே, ஆசிரியர் என்று உங்கள் பெயர். அதற்குக் கீழே, ரெட் ஹாட்டுக்காக மாற்றி அமைத்தவர்கள் என்று மார்க் யூவிங், டோனி பார்ன்ஸ் இருவரின் பெயர்கள். ஸ்லாக்வேரில் திறந்தால் உங்களுக்கு அடுத்து பேட்ரிக் வோல்கர்டிங் பெயர் இருக்கும். அடுத்த வரியில் இருப்பவர் மாறுவார். முதல் வரியில் இருப்பவர் நீங்கள்தான். அந்தக் கோப்பைப் படித்துத்தான் இந்தத் தொழிலில் கால் ஊன்றினேன். என்னோடு படித்தவர்களிலும் பலர் அப்படித்தான். அதற்கு நன்றி சொல்லவே இந்த மடல். உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம் உண்டு. நீங்கள் போட்ட பாதையில் இன்றும் நடக்கிற பலருக்கு உங்கள் பெயர் தெரியாது.

முதலில் அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கணினியின் பொத்தானை அழுத்தியதும் பயாஸ் விழித்து பூட்லோடரைக் கூப்பிடுகிறது. பூட்லோடர், கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வன்பொருள்களை இனங்கண்டு, ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்து முடித்ததும், இனிட் என்ற ஒரே ஒரு நிரலைக் கிளப்பிவிடும். அதன் பிராசஸ் எண் 1. அதற்குப் பிறகு நாம் பயன்படுத்தும் எந்த நிரலானாலும், நேரடியாகவோ வழிவழியாகவோ அந்த ஒன்றிலிருந்து பிறந்ததுதான். அது செத்தால் கெர்னலும் அங்கேயே நின்றுவிடும். கெர்னல் அதை எஸ்பின் அடைவில் தேடும், பிறகு எட்சியில், பிறகு பின்னில். எங்கும் கிடைக்காவிட்டால் வெறும் ஷெல் ஒன்றையாவது கிளப்பப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் கைவிரித்துவிடும்.

ஆக, இயந்திரம் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதை முடிவு செய்வது இனிட். மவுஸும் சன்னல்களுமாக எழலாம். கறுப்புத் திரையில் லாகின் மட்டும் கேட்டுக்கொண்டு எழலாம். நெட்வொர்க் இல்லாமல், வேறு யாரையும் உள்ளே விடாமல், பழுது பார்க்கிற ஓர் ஆளுக்காக மட்டும் எழலாம். பெர்க்லியில் வளர்ந்த பிஎஸ்டி யூனிக்ஸில் ஒற்றைப் பயனர், பல பயனர் என இரண்டு நிலைகளே உண்டு. ஏடி அண்ட் டி 1983-இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் இந்த நிலைகளுக்கு ரன்லெவல் என்று பெயர் வைத்து எண் கொடுத்திருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில், லினக்ஸ் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அதே முறையில் இயங்கும் இனிட்டை லினக்ஸுக்காக நீங்கள் எழுதினீர்கள். சிஸ்வி இனிட் என்று உலகம் அதைக் கூப்பிட்டது. ரெட் ஹாட், டெபியன், சூசே, ஸ்லாக்வேர் என்று பெயர் தெரிந்த விநியோகங்கள் எல்லாம் பல ஆண்டுகள் அதன் மேல்தான் எழுந்தன.

எனக்கு அது அறிமுகமானது கல்லூரி ஆய்வகத்தில். எங்கள் கணினிகளில் ரேம் 64 எம்பி. கணினி இதழ்களோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றியிருந்தோம். வரைகலைத் திரை முழுசாக வந்து நிற்பதற்குள் ஹார்ட் டிஸ்க் கறகறவென்று கத்தித் தீர்க்கும். வந்த பிறகும் ஒரு சி நிரலைக் கம்பைல் செய்ய நேரமாகும். அப்போது சீனியர் ஒருவர் இனிட்டேப் கோப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். ஐடி, 5, இனிட்டிஃபால்ட் என்று முக்காற்புள்ளிகள் பிரிக்கும் வரி. "அந்த அஞ்சை மூணாக்கு, சேவ் பண்ணு, ரீபூட் பண்ணு, போதும்" என்றார். செய்தேன். அடுத்த முறை அதே கணினி நேராகக் கறுப்புத் திரையில் லாகின் கேட்டு நின்றது. ரேம் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. வரைகலை வேண்டுமென்றால் ஸ்டார்ட்எக்ஸ் என்று தட்டினால் வரும், வேண்டாதபோது வராது.

ஒரே ஓர் எண். அதை மாற்ற எந்தச் சிறப்பு மென்பொருளும் தேவைப்படவில்லை, விஐ என்ற எடிட்டர் போதும். அதுவரை எனக்குக் கணினி என்பது யாரோ எங்கோ முடிவு செய்து அனுப்பிய பொருள். அது எப்படி எழ வேண்டும் என்பதை நானே சொல்லலாம், சொன்னதை அது கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடப்புத்தகத்தின் ஆங்கிலம் என்னை மிரட்டியது. இனிட்டேப் கோப்பில் இருந்த விளக்க வரிகள் மிரட்டவில்லை. 0 என்றால் நிறுத்தம், 1 என்றால் ஒற்றைப் பயனர், 2 என்றால் என்எஃப்எஸ் இல்லாத பல பயனர், 3 முழுமையான பல பயனர், 4 பயன்பாட்டில் இல்லை, 5 வரைகலை, 6 மறுதொடக்கம். இவ்வளவுதான். 0, 6 இரண்டையும் இயல்புநிலையாக வைத்துவிடாதே என்று பக்கத்திலேயே எச்சரிக்கையும் இருக்கும். வைத்தால் எழுந்ததும் படுக்கும், அல்லது எழுந்து எழுந்து விழும். படிக்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்து ரெட் ஹாட்காரர்கள் எழுதிய வரிகள் அவை. ஆனால் அப்படி எழுதி வைக்க இடம் கொடுக்கும் கோப்பாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மனிதன் படிக்கக்கூடிய கோப்பாக அதை வைத்திருந்தவர் நீங்கள்.

எண்களுக்கு நீங்கள் இறுக்கமான பொருள் கொடுக்கவில்லை என்பதையும் பின்னாளில்தான் கவனித்தேன். 0, 1, 6 மூன்றுக்கும்தான் தனி வேலை. மற்றவற்றை விநியோகம் தயாரிப்பவர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். டெபியனில் அப்போது 2 முதல் 5 வரை எல்லாம் ஒன்றுதான், இயல்புநிலை 2. ஸ்லாக்வேரில் வரைகலைக்கு 4. ரெட் ஹாட்டில் 5. அவர்கள் வைத்ததையும் நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். ஒருவரின் ஏற்பாட்டை இன்னொருவர் மேல் திணிக்காத இந்தக் குணம், பொதுவில் புழங்கும் மென்பொருளுக்கு மிகவும் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அடைவு. ஆர்சி3.டி என்ற அடைவுக்குள் போனால் எஸ் என்றும் கே என்றும் தொடங்கும் இணைப்புகள் வரிசையாக நிற்கும். எஸ் என்றால் தொடங்கு, கே என்றால் நிறுத்து. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வரிசையைச் சொல்லும். எஸ்10 நெட்வொர்க் முன்னால், எஸ்80 சென்ட்மெயில் பின்னால். எது எதற்கு முன் எழுகிறது என்று தெரிந்துகொள்ள எல்எஸ் கட்டளை ஒன்றே போதும். நேர்முகத் தேர்வுகளில் இதைக் கேட்காதவர்களே கிடையாது. சம்பளத்துக்கு வழிவிட்ட கேள்வி என்றுகூடச் சொல்லலாம்.

அந்த இணைப்புகளை வரிசையாக இயக்கும் ஆர்சி ஸ்கிரிப்டைத் திறந்தால், மூல ஆசிரியர் என்று மறுபடியும் உங்கள் பெயர். பூட் ஆகும்போது ஒரே ஒரு முறை ஓடும் ஆர்சி.சிஸ்இனிட்டைத் திறந்தால், ஒரு பகுதி உங்கள் பிசெக்ஆர்சியிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு. டெபியனில் புதுச் சேவை ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பார்த்து எழுத ஸ்கெலிட்டன் என்றொரு மாதிரிக் கோப்பு இருந்தது. அதன் தலைப்பில், எழுதியவர் மிக்கேல் வான் ஸ்மோரன்பர்க், டெபியனுக்காக மாற்றியவர் இயன் மர்டாக் என்றிருக்கும். டெபியனைத் தொடங்கிய அதே இயன் மர்டாக்தான். 2015 டிசம்பரில் இறந்துவிட்டார். அந்த மாதிரியை நகலெடுத்துத் தங்கள் சேவைக்கு ஸ்கிரிப்ட் எழுதிய பலர் தலைப்பு வரிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் நீங்கள் பார்த்தே இராத எத்தனையோ மென்பொருள்களின் ஸ்கிரிப்ட்களிலும் உங்கள் பெயர் இருந்தது. அதை யாரும் நீக்காமல் விட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

இனி, நான் உங்களுக்கு மிகவும் கடன்பட்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். எல்லாம் சரியாக நடக்கும்போது இயந்திரத்தைக் கிளப்புவதற்கு யாராலும் எழுத முடியும். சரியாக நடக்காதபோது அதன் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை நினைத்து எழுதியிருக்கிறீர்கள்.

வரைகலைத் திரையின் டிரைவர் கெட்டுப்போன இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இனிட்டேப்பின் கடைசி வரி, ஐந்தாம் நிலையில் வரைகலை லாகினைக் கிளப்பு, அது செத்தால் மறுபடி கிளப்பு என்று சொல்கிறது. ரீஸ்பான் என்பது அதற்கான சொல். டிரைவர் கெட்டிருந்தால் கிளம்பியதும் சாகும். உடனே இனிட் மறுபடி கிளப்பும், மறுபடி சாகும். திரை கறுத்து, மின்னி, கறுத்து, மின்னி, விசைப்பலகையில் எதையும் தட்டவே விடாது. இப்படியே முடிவில்லாமல் போனால் அந்த இயந்திரத்துக்குள் நுழையவே முடியாது. நீங்கள் ஒரு கணக்கு வைத்திருந்தீர்கள். ஒரே வரி 2 நிமிடங்களுக்குள் 10 முறைக்கு மேல் கிளப்பப்பட்டால், அது மிக வேகமாகச் செத்துச் செத்துப் பிழைக்கிறது என்று கன்சோலில் ஒரு செய்தி. பிறகு 5 நிமிடங்களுக்கு அந்த வரியை அப்படியே விட்டுவிடுவது. உங்கள் மூலநிரலில் 10, 120, 300 என்ற மூன்று எண்களாக இது இருக்கிறது.

அந்த ஐந்து நிமிடங்களின் அருமை அதற்குள் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். திரை ஓய்ந்து நிற்கும். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்2 அழுத்தினால் இன்னொரு கன்சோலில் லாகின் கேட்கும். ரூட்டாக நுழைந்து, டெல்இனிட் 3 என்று தட்டினால் வரைகலை முயற்சியே நின்றுபோகும். பிறகு பதறாமல் லாகைப் படிக்கலாம், டிரைவரின் பெயரை மாற்றலாம். மாற்றிய பின் டெல்இனிட் 5. ரீபூட்கூட வேண்டாம். எத்தனையோ இரவுகளில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருக்கு நீங்கள் கொடுத்த அந்த ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்தது ஒற்றைப் பயனர் நிலை. இனிட்டேப் கோப்பே காணாமல் போயிருந்தாலும் இந்த நிலை வேலை செய்யும்படி எழுதியிருக்கிறீர்கள். கோப்பும் இல்லை, இயல்புநிலையும் சொல்லப்படவில்லை என்றால், எந்த ரன்லெவல் வேண்டும் என்று இனிட் கன்சோலிலேயே கேட்கும். எஸ் என்று பதில் சொன்னால் சுலாகின் என்ற உங்கள் சின்ன நிரல் வந்து நிற்கும். பழுது பார்க்க ரூட் பாஸ்வேர்டைக் கொடு, இல்லையென்றால் கன்ட்ரோல்-டி அழுத்தி வழக்கம்போல் தொடர் என்பது அது சொல்லும் ஒரே செய்தி.

அந்தச் செய்தியின் எதிரே நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தின் அஞ்சல் சர்வர் நினைவுக்கு வருகிறது. இரவில் கரண்ட் போய் வந்ததில் ஃபைல்சிஸ்டம் கெட்டுவிட்டது. தானாகச் சரிசெய்யும் முயற்சி தோற்று, இயந்திரம் பாதியில் நின்று, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்கு வந்தவர்கள் வாசலில் நின்றபடி எட்டிப் பார்க்கிறார்கள். பாஸ்வேர்டைக் கொடுத்தேன். நெட்வொர்க் இல்லை, சேவைகள் இல்லை, வேறு பயனர்கள் இல்லை. நானும் அந்த டிஸ்க்கும் மட்டும். ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் ஆகியிருந்தது, அதனால் மேற்கொண்டு எதுவும் கெடாது. ஃபைல்சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகேயை ஓட்டினேன். ஒவ்வொரு ஐநோடாக அது கேட்க, ஒவ்வொன்றுக்கும் ஒய் அழுத்தினேன். முடிந்ததும் ரீமவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கன்ட்ரோல்-டி அழுத்தினேன். அஞ்சல்கள் பிழைத்தன. அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது இடைஞ்சல் இல்லாத ஒரு ஷெல் மட்டுமே. அதைக் கொடுப்பதற்கென்றே ஒரு நிலையை ஒதுக்கி வைத்திருந்தீர்கள்.

இந்த நிலைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பூட்லோடரின் வரியில் 1 என்றோ சிங்கிள் என்றோ சேர்த்தால் போதும், இயந்திரத்தை இந்த நிலையில் எழவைக்கலாம். ரெட் ஹாட் வரிசையில் பல ஆண்டுகள் அப்படி எழும் இயந்திரம் பாஸ்வேர்டு கேட்காமலேயே ரூட் ஷெல்லைக் கொடுத்தது. விசைப்பலகையைத் தொடக்கூடிய யாரும் ரூட் ஆகலாம் என்று பொருள். அதற்கும் மருந்து உங்கள் கோப்பிலேயே இருந்தது. எஸ் நிலையில் சுலாகினைக் கிளப்பு என்று ஒரு வரி சேர்த்தால் பாஸ்வேர்டு கேட்கும். டெபியனில் அந்த வரி முதலிலிருந்தே இருந்தது. நான் பொறுப்பேற்கும் எந்தப் பழைய சர்வரிலும் முதலில் சேர்ப்பது அந்த வரியைத்தான். கூடவே கிரப் என்ற பூட்லோடருக்கும் ஒரு பாஸ்வேர்டு. இனிட்டுக்குப் பதிலாக நேராக பாஷ் ஷெல்லைக் கிளப்பு என்று கெர்னலுக்குச் சொல்லிவிட்டால் சுலாகினாலும் தடுக்க முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் காவல்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டிலிருந்து இந்த மடலை எழுத முடியாது. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் இங்கே கரண்ட் எப்படிப் போய்ப் போய் வந்தது என்று என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். இனிட்டேப்பில் பவர்ஃபெயில் என்றொரு வரி இருந்தது. யுபிஎஸ்ஸிலிருந்து சீரியல் போர்ட்டுக்கு ஒரு கேபிள். அதைக் கவனிக்க பவர்டி என்ற நிரல். அதுவும் நீங்கள் எழுதியதுதான். கரண்ட் போனதும் பவர்டி இனிட்டுக்குச் சிக்னல் அனுப்பும். உள்ளே இருக்கும் பயனர்கள் எல்லோருடைய திரையிலும் மின்தடை, இயந்திரம் நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு வரும். இரண்டு நிமிடங்களில் இயந்திரம் தன்னை ஒழுங்காக நிறுத்திக்கொள்ளும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் அடுத்த வரி அந்த நிறுத்தத்தை ரத்து செய்யும், ரத்து செய்ததையும் எல்லோருக்கும் சொல்லும். பேட்டரி தீரப்போகிறது என்றால் காத்திருக்காமல் உடனே நிறுத்த இன்னொரு வகை வரி. யாரும் இல்லாத அறையில், யாரும் ஓடிப்போய்ப் பார்க்க முடியாத நேரத்தில், டேட்டாபேஸ் கெடாமல் காத்த வரிகள் இவை. பேட்டரி வலுக்குறைந்த யுபிஎஸ்களை நம்பி வேலை செய்த எங்களுக்கு அந்த இரண்டு நிமிடக் கணக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எழுத்தில் சொல்வது கடினம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மானிட்டர் இல்லாத சர்வர்களுக்கு சீரியல் கன்சோல்தான் கண்ணும் வாயும். இனிட்டேப்பில் முதல் சீரியல் போர்ட்டில் லாகின் கேட்கும் கெட்டியை 9600 வேகத்தில் கிளப்பு என்று ஒரு வரி இருக்கும். டெபியனில் அது ஹாஷ் குறியோடு தூங்கிக்கொண்டிருக்கும், குறியை எடுத்துவிட்டால் விழித்துக்கொள்ளும். கேபிளின் மறுமுனையை லேப்டாப்பில் செருகி மினிகாம் என்று தட்டினால் சர்வரின் லாகின் கேட்கும். மினிகாமின் கையேட்டுப் பக்கத்தை ஒரு நாள் கடைசி வரை படித்தேன். ஆசிரியர் பெயர் உங்களுடையது. கேபிளின் அந்த முனையில் உங்கள் இனிட், இந்த முனையில் உங்கள் மினிகாம். நடுவில் உட்கார்ந்து வேலை செய்தவன் நான். இரண்டு பக்கத்திலும் ஒரே மனிதரின் உழைப்பு நின்றது என்று தெரிந்த அன்று, என்றாவது உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஃப்ரீரேடியஸ் திட்டத்தை 1999-இல் ஆலன் டிகாக்கோடு சேர்ந்து தொடங்கியவரும் நீங்கள்தான் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. இணைய இணைப்புக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்ட காலத்தில், உலகில் பலரை உள்ளே விட்டது அந்த மென்பொருள்.

காலம் மாறிவிட்டது. உபுண்டு 2006-இல் அப்ஸ்டார்ட் என்ற வேறொரு இனிட்டுக்குப் போனது. 2010-இல் லென்னார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டி என்ற புதிய இனிட்டைக் கொண்டுவந்தார்கள். 2011-இல் ஃபெடோரா 15, 2014-இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் 7, 2015-இல் டெபியன் 8 என்று ஒவ்வொன்றாக அதற்கு மாறின. டெபியனில் அந்த மாற்றத்தை ஒட்டிப் பெரிய சண்டையே நடந்தது, சிலர் டெவுவான் என்று தனியாகப் பிரிந்தே போனார்கள். அந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு இந்த மடலை எழுதவில்லை. சிஸ்டம்டியைத் தினமும் பயன்படுத்துகிறேன். ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேவைகளை ஒரே நேரத்தில் கிளப்புவதும், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று சொல்லிவைக்க முடிவதும் உண்மையான முன்னேற்றங்கள். எஸ்80, எஸ்85 என்று எண்களைக் கையால் அடுக்கிய காலத்துக்குத் திரும்ப எனக்கு ஆசை இல்லை.

ஆனால் புதிய வீட்டுக்குள் நடக்கும்போது பழைய வீட்டின் அறைகள் அப்படியே இருக்கின்றன. மூன்றாம் நிலை இருந்த இடத்தில் மல்டி-யூசர் டார்கெட். ஐந்தாம் நிலைக்கு கிராஃபிக்கல் டார்கெட். ஒன்றுக்கு ரெஸ்க்யூ, 0-க்கு பவர்ஆஃப், 6-க்கு ரீபூட். இயல்புநிலையை மாற்ற சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு செட்-டிஃபால்ட் என்று கொடுத்து டார்கெட்டின் பெயரைச் சொன்னால் போதும். அது செய்வதெல்லாம் டிஃபால்ட் டார்கெட் என்ற இணைப்பை வேறொரு கோப்பை நோக்கித் திருப்பிவிடுவதுதான். இப்போதே இன்னொரு நிலைக்குப் போக ஐசொலேட். ரெஸ்க்யூவும் எழாத அளவுக்கு நிலைமை மோசமென்றால் எமர்ஜென்சி. அங்கே ரூட் ஃபைல்சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும், ஒரு ஷெல் இருக்கும், வேறெதுவும் இருக்காது. ஒரு சேவை 10 நொடிகளுக்குள் 5 முறை கிளம்பிக் கிளம்பிச் செத்தால், மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்று சொல்லி சிஸ்டம்டி நிறுத்திக்கொள்கிறது. உங்கள் 10, 120, 300 கணக்கின் பேரப்பிள்ளை அது. அந்தச் செய்தியைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது.

ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் 7-இல் இனிட்டேப் கோப்பைத் திறந்து பார்த்தேன். கோப்பை நீக்காமல் வைத்திருந்தார்கள். இதில் எதை எழுதினாலும் பயன் இல்லை, இனி டார்கெட்களைப் பார், மூன்றாம் நிலைக்கு இது, ஐந்தாம் நிலைக்கு இது என்று சில வரிகள் மட்டும் உள்ளே. பழக்கத்தில் கை அந்தக் கோப்பைத்தான் திறக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் கையும் அதைத்தான் திறந்தது.

சிஸ்வி இனிட் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்கள் பொறுப்பை விட்ட பிறகு வேறு தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். புதுப் பதிப்புகள் வருகின்றன. டெவுவானும் ஸ்லாக்வேரும் அதன் மேல்தான் எழுகின்றன. ஸ்லாக்வேரை ஏற்றி, அந்த ஒரு வரியில் மூன்றை நான்காக்கினால் வரைகலை இப்போதும் வரும்.

மதிப்புக்குரிய ஐயா, எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கப் பெரிய பயிற்சி நிலையங்கள் இருக்கவில்லை. இருந்தவற்றுக்குக் கட்டணம் செலுத்த எங்கள் வீடுகளில் வசதி இல்லை. ஐஐடி மெட்ராஸில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததும், கையேட்டுப் பக்கங்களும், நீங்கள் திறந்து வைத்திருந்த கோப்புகளும்தான் எங்கள் படிப்பு. இயந்திரம் எப்படி எழுகிறது என்பதை நீங்கள் மறைத்து வைக்கவில்லை. மறைத்து வைத்திருந்தால், சின்ன ஊர்களிலிருந்து வந்த என் போன்றவர்கள் இந்தத் தொழிலுக்குள் நுழைந்திருக்க முடியாது. இதை முகத்துதிக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததில் உங்களுக்குப் பங்கு உண்டு.

இதைப் படிக்கும் இளம் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு கெட்-டிஃபால்ட் கொடுத்து, எந்த நிலையில் எழுகிறது என்று இன்றே பாருங்கள். வரைகலை தேவைப்படாத இயந்திரம் வரைகலையில் எழுந்தால் மாற்றுங்கள். ரூட் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா, ரெஸ்க்யூ நிலையில் அது வேலை செய்கிறதா என்று ஆபத்து வருவதற்கு முன்பே ஒரு சோதனை இயந்திரத்தில் எழவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரப்புக்குப் பாஸ்வேர்டு வையுங்கள். அதோடு, நீங்கள் தட்டும் கட்டளைகளின் கையேட்டுப் பக்கத்தைக் கடைசி வரை படித்து, அங்கே இருக்கும் பெயரையும் படியுங்கள்.



சென்னையிலிருந்து ஒரு சர்வர் நிர்வாகி